வெள்ளோட்டம் எப்போது? லினக்ஸ் பேக்கேஜ்களைச் சோதித்த கதை

"பி.காம். படிக்கிற ஆளுக்கு லினக்ஸில் என்ன வேலை?" என்று வகுப்பில் சிலர் கேட்கக்கூடும். முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரை பார்க்க கம்ப்யூட்டர் விஷயம் மாதிரி இருக்கும், உள்ளே இருப்பது நம்ம ஆடிட்டிங் பேப்பர்தான் :-) ஒரு சரக்கை எப்போது சோதிப்பது, யார் சோதிப்பது, சோதனையில் ஒரு கேள்வி எழுந்தால் அதை என்ன செய்வது. இந்த மூன்றும்தான் கதை.

தமிழில் இதற்கு அழகான சொல் ஒன்று இருக்கிறது: வெள்ளோட்டம். கோவிலுக்குப் புதுத் தேர் செய்தால் திருவிழா அன்றே சாமியை ஏற்றி மாடவீதியில் இழுத்துவிட மாட்டார்கள். முன்னாடியே ஒரு நாள் வெறும் தேரை இழுத்துப் பார்ப்பார்கள். சக்கரம் சுற்றுகிறதா, அச்சு தாங்குகிறதா, முட்டுக்கட்டை போட்டால் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றது. ஆனால் தேருக்கு ஒருமுறை வெள்ளோட்டம் விட்டால் பல வருடம் ஓடும். லினக்ஸ் என்கிற தேருக்கோ தினமும் யாராவது ஒருவர் ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருக்கிறார். அப்படியென்றால் வெள்ளோட்டம் எப்போது விடுவது?

டிஸ்ட்ரோ என்பது ஒரு மளிகைக் கடை

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. லினக்ஸ் என்பது கெர்னல் மட்டும்தான். அதன் மேல் எழுத்துரு, பிரவுசர், ஆபீஸ் மென்பொருள், பிரிண்டர் டிரைவர் என்று ஆயிரக்கணக்கான மென்பொருள்கள் வேண்டும். உலகெங்கும் வெவ்வேறு ஆட்கள் எழுதும் இவற்றை வாங்கி, சுத்தம் செய்து, ஒரே மாதிரி பொட்டலம் கட்டி நம் கையில் கொடுப்பதுதான் டிஸ்ட்ரிபியூஷன், சுருக்கமாக டிஸ்ட்ரோ. அந்தப் பொட்டலம்தான் பேக்கேஜ். டெபியன், உபுண்டு, ஃபெடோரா, சூசே எல்லாம் இந்த மாதிரி கடைகள். டெபியனில் இன்று 60,000க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் இருக்கின்றன.

கடைக்காரர் பருப்பை விளைவிப்பதில்லை. ஆனால் பருப்பில் கல் இருந்தால் நாம் சண்டைக்குப் போவது கடைக்காரரிடம்தான். டிஸ்ட்ரோவின் பொறுப்பும் அப்படித்தான். அடுத்தவர் செய்த பொருளுக்கு இவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

சாமி ஏறுவதற்கு முன்பே இழுத்த தேர்

1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்ற மாணவர் டெபியனை அறிவித்தார். தன் பெயரையும் தோழி டெப்ராவின் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. முதல் சில வருடங்கள் 0.9 என்ற எண்ணிலேயே ஓடின. 1.0 வரப்போகிற நேரத்தில், 1995 கடைசியில், ஒரு கூத்து நடந்தது. இன்ஃபோமேஜிக் என்ற சிடி விற்கும் கம்பெனி, இன்னும் வேலை நடந்துகொண்டிருந்த அரைகுறைப் பிரதியை எடுத்து "டெபியன் 1.0" என்று அச்சடித்து விற்றுவிட்டது. அது சரியாக ஓடவே இல்லை. வாங்கியவர்கள் டெபியனைத் திட்டியிருப்பார்கள், பாவம்.

டெபியன்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1.0 என்ற எண்ணையே கைவிட்டார்கள். 1996 ஜூனில் வந்த முதல் முழு வெளியீட்டின் எண் 1.1. டெபியன் 1.0 என்று ஒன்று இன்றுவரை கிடையாது. செய்து முடிப்பது வேறு, வெளியே விடலாம் என்று ஒருவர் கையெழுத்துப் போடுவது வேறு. நம்ம பாஷையில் சொன்னால், புக்ஸ் எழுதி முடித்தாலும் ஆடிட் ரிப்போர்ட் வராமல் அது ஃபைனல் அக்கவுண்ட்ஸ் ஆகாது.

வருடக் கடைசி ஆடிட்

அந்தக் காலத்தில் சோதனை எப்படி நடந்தது? இரண்டு கூடைகள். ஒன்று "ஸ்டேபிள்", மக்கள் பயன்படுத்துவது. இன்னொன்று "அன்ஸ்டேபிள்", வேலை நடப்பது. வெளியீட்டுக் காலம் வந்ததும் அன்ஸ்டேபிளை மொத்தமாகப் பிரதி எடுத்து "ஃப்ரோசன்" என்று உறைய வைப்பார்கள். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு வழுவாகத் தேடித் தீர்ப்பார்கள்.

இது மார்ச் 31 அன்று புத்தகத்தை மூடிவிட்டு ஆடிட்டரைக் கூப்பிடுகிற முறை. சின்னக் கடைக்கு இது போதும். ஆனால் பேக்கேஜ்கள் நூறுகளிலிருந்து ஆயிரங்களுக்குப் போனபோது சமாளிக்க முடியவில்லை. டெபியன் 2.2 ஐ 2000 ஜனவரியில் உறைய வைத்தார்கள். வெளியே வந்தது ஆகஸ்டில். ஏழு மாதம்! வருடம் முழுக்கச் சேர்ந்த குப்பையைக் கடைசியில் ஒரே மூச்சில் பெருக்கினால் அப்படித்தான் ஆகும். தவிர, எட்டு மாதத்துக்கு முன் நுழைந்த தவறை இன்று கண்டுபிடித்தால், அதைச் செய்தவருக்கே ஏன் செய்தோம் என்று நினைவிருக்காது.

நம் ஊர் வங்கிகளிலும் இதே பாடம்தான். 1992 பங்குச் சந்தை ஊழலுக்குப் பிறகு, வருட ஆடிட் மட்டும் போதாது, பரிவர்த்தனை நடக்க நடக்கச் சோதிக்க வேண்டும் என்று முடிவாகி, 1993ல் ரிசர்வ் வங்கி கன்கரன்ட் ஆடிட் முறையைக் கொண்டுவந்தது. டெபியன் பிறந்த அதே வருடம். டெபியனுக்கு அந்த ஞானம் வர இன்னும் ஏழு வருடம் ஆனது.

வாசலில் ஒரு காவலர்

2000 டிசம்பரில் ஆந்தனி டவுன்ஸ் என்ற ஆஸ்திரேலியர் மூன்றாவது கூடையைக் கொண்டுவந்தார். பெயர் "டெஸ்டிங்". மனிதர்கள் யாரும் நேரடியாக இதற்குள் பேக்கேஜ் போட முடியாது. அன்ஸ்டேபிளில் போட வேண்டும். பிரிட்னி என்ற நிரல் (ஆமாம், அந்தப் பாடகியின் பெயரேதான்) தினமும் பார்த்து, நிபந்தனைகள் நிறைவேறினால் உள்ளே அனுப்பும். நிபந்தனைகள் எளிமையானவை.

1. அன்ஸ்டேபிளில் சில நாட்கள் கிடந்திருக்க வேண்டும். அப்போது சாதாரணமாக 10 நாள், அவசரம் என்றால் 5 அல்லது 2.
2. ஏற்கெனவே உள்ளே இருப்பதைவிடப் புதுசாகப் பெரிய வழு எதுவும் வந்திருக்கக் கூடாது.
3. ஆதரிக்கிற எல்லா வகைக் கணினிகளுக்கும் கட்டப்பட்டிருக்க வேண்டும்.
4. இது உள்ளே வருவதால் வேறு எந்தப் பேக்கேஜும் நிறுவ முடியாமல் போகக் கூடாது.

இதில் முதல் நிபந்தனை எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தப் பத்து நாளில் யாரும் எதையும் செய்யக் கட்டாயமில்லை. துணிச்சல் உள்ளவர்கள் அன்ஸ்டேபிளைப் பயன்படுத்துவார்கள். உடைந்தால் கத்துவார்கள். கத்தல் கேட்காவிட்டால் உள்ளே போகலாம். காத்திருப்பதே ஒரு சோதனை!

காவலரின் கையில் மெல்ல மெல்லக் கருவிகள் சேர்ந்தன. லின்டியன் என்ற நிரல் (1998) பொட்டலம் விதிப்படி கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும். இது வவுச்சரில் தேதி, தொகை, கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது போல. 2005ல் லார்ஸ் விர்சேனியஸ் எழுதிய பியூபார்ட்ஸ், பேக்கேஜை வெற்று அறையில் நிறுவி, மேம்படுத்தி, நீக்கி, பின்னால் ஏதாவது குப்பை மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும். உபுண்டு பக்கத்திலிருந்து வந்த ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் இன்னும் ஒரு படி மேலே. நிறுவிய பேக்கேஜை உண்மையிலேயே ஓட்டிப் பார்க்கும். 2014ல் டெபியன் இதற்கென்று தனி சர்வர் வைத்தது. 2018லிருந்து அந்தச் சோதனை முடிவுகளையும் பிரிட்னி கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

இந்தக் கடைசிக் கருவியில் ஒரு நுணுக்கம். ஒரு நூலகப் பேக்கேஜ் மாறினால் அதன் சோதனையை மட்டும் ஓட்டுவதில்லை. அதை நம்பி இருக்கிற மற்ற பேக்கேஜ்களின் சோதனைகளையும் ஓட்டுகிறார்கள். மாறியது மாமியார், பாதிக்கப்படுவது மருமகள் :-) சோதனை இருவருக்கும் வேண்டும்.

தரமணியும் நந்தனமும்

இதெல்லாம் எங்கோ வெள்ளைக்காரர் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். அடையாறிலிருந்து மத்திய கைலாஷ் திரும்பிக் கொஞ்ச தூரம் போனால் தரமணி டைடல் பார்க். மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் அங்கேதான் இயங்கியது. 2005ல் சி-டாக் சென்னையும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ஏ.யு-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சேர்ந்து திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அதிலிருந்து 2007 ஜனவரியில் வெளிவந்தது பாஸ் லினக்ஸ், அதாவது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். டெபியனை அடித்தளமாக வைத்து, தமிழ் உட்பட இந்திய மொழிகளைச் சேர்த்துச் செய்த டிஸ்ட்ரோ. லினக்ஸ் ஸ்டாண்டர்ட் பேஸ் என்ற பொதுத் தரத்துக்கான சான்றிதழும் பெற்றது.

கிட்டத்தட்ட அதே காலத்தில் தி.நகரை ஒட்டிய நந்தனத்தில், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்த எல்காட் நிறுவனம், சூசே லினக்ஸைத் தேர்ந்தெடுத்து அரசு அலுவலகக் கணினிகளை அதற்கு மாற்றும் முயற்சியில் இறங்கியது. 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கான விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியபோது அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது.

இங்கே கவனியுங்கள். டெபியன் எடுத்த முடிவு பாஸுக்கு வருகிறது. பாஸ் எடுத்த முடிவு ஒரு கிராமத்து ப்ளஸ் டூ மாணவியின் மடிக்கணினிக்கு வருகிறது. மேலே சோதித்தாயிற்று, அதனால் கீழே சோதிக்க வேண்டாம் என்று விட முடியுமா? முடியாது. இடையில் சேர்த்த ஒவ்வொன்றும் (தமிழ் கீபோர்டு, எழுத்துரு, அந்த மாடல் லேப்டாப்புக்கான டிரைவர்) மேலே யாரும் பார்க்காதவை. ஒரே மாதிரி லேப்டாப் லட்சக்கணக்கில் போகும்போது, ஒரு தவறு ஒரு தவறு இல்லை. லட்சம் தவறு. இணைய இணைப்பு இல்லாத வீட்டுக்குப் போய்விட்டால் அதைத் திருத்தி அனுப்பவும் வழியில்லை. சரக்கு கை மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் வாங்குகிறவர் எண்ணிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இரண்டு வரியை நீக்கிய கதை

இனி எப்படிச் சோதிப்பது என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு டெபியனின் மோசமான அனுபவத்தைவிட நல்ல பாடம் கிடையாது.

ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது இணையத்தில் ரகசியச் சாவிகளை உருவாக்கும் மென்பொருள். சாவி யாராலும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும், அதனால் கிடைக்கிற இடத்திலிருந்தெல்லாம் தற்செயல் எண்களைத் திரட்டிக் கலக்கும். நினைவகப் பயன்பாட்டைச் சோதிக்கும் வால்கிரைண்ட் என்ற கருவி, "இங்கே மதிப்பு வைக்காத நினைவகத்தைப் படிக்கிறாய்" என்று எச்சரித்துக்கொண்டே இருந்தது. 2006ல் டெபியனின் பராமரிப்பாளர் அந்த எச்சரிக்கையைத் தீர்க்க இரண்டு வரிகளை நீக்கினார். மூலத் திட்டத்தின் அஞ்சல் பட்டியலில் கேட்டும் பார்த்தார். பெரிய எதிர்ப்பு வரவில்லை. எச்சரிக்கை நின்றது.

கூடவே இன்னொன்றும் நின்றது. அந்த வரிகளில் ஒன்றுதான் தற்செயல் எண்களைக் கலக்கும் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அது போனதும் மிச்சம் இருந்தது புரோசஸ் எண் மட்டும். அது அதிகபட்சம் 32,768. ஆக, எண்ணவே முடியாத அளவு இருக்க வேண்டிய சாவிகள், ஒவ்வொரு வகைக்கும் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் ஆகிவிட்டன. ஒரு சாதாரணக் கணினியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிடலாம். அந்த மாற்றம் 2006 செப்டம்பரில் அன்ஸ்டேபிளுக்குள் வந்து, டெஸ்டிங்கைத் தாண்டி, 2007 ஏப்ரலில் டெபியன் 4.0 ஆக ஸ்டேபிளுக்கே போனது. உபுண்டுவுக்கும் போனது. 2008 மே 13 அன்றுதான், லூசியானோ பெல்லோ என்ற அர்ஜென்டினாக்காரர் கண்டுபிடித்து, எச்சரிக்கை வெளியானது.

காத்திருந்தும் ஏன் பிடிபடவில்லை? ஏனென்றால் எதுவும் உடையவில்லை! சாவி உருவானது, பூட்டியது, திறந்தது. எல்லாச் சோதனையும் பாஸ். அந்தச் சோதனைகள் "வேலை செய்கிறதா?" என்று கேட்டன. "நல்ல சாவியா?" என்று எதுவும் கேட்கவில்லை. புள்ளியியல் வகுப்பில் சொல்வார்களே, 23 பேர் இருக்கும் அறையில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் வர பாதிக்கு மேல் வாய்ப்பு என்று. அதே கணக்குத்தான். வெவ்வேறு கணினிகளில் உருவான ஒரே வகைச் சாவிகள் சில நூறைத் திரட்டி ஒப்பிட்டிருந்தால், இரட்டைப் பிள்ளைகள் மாட்டியிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

ஆடிட்டர் ஒரு கேள்வி கேட்கிறார். பதில் தேடாமல், அந்த என்ட்ரியையே அழித்துவிட்டால் கேள்வி போய்விடும். கணக்கு சரியாகிவிடுமா?

அரை நொடி

பதினாறு வருடம் கழித்து இதற்கு நேர் எதிரான கதை நடந்தது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சின்ன மென்பொருள். எல்லா டிஸ்ட்ரோவிலும் இருக்கும். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒழுங்காக உதவி செய்து, நம்பிக்கை சம்பாதித்து, பராமரிப்பாளராகவே ஆனார். 2024 பிப்ரவரி, மார்ச்சில் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு ரகசியக் கதவை வைத்தார். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச்சையே குறிவைத்த கதவு.

அதை எங்கே ஒளித்து வைத்தார் தெரியுமா? சோதனைக்காக வைத்திருக்கும் மாதிரிக் கோப்புகளுக்குள்! "கெட்டுப்போன கோப்பைக் கொடுத்தால் நிரல் சமாளிக்கிறதா" என்று பார்க்க வைத்திருக்கும் கோப்பு கெட்டுப்போனதாகத்தானே இருக்கும், யார் சந்தேகப்படுவார்கள்? அதைத் திறக்கும் சாவி வரி பொதுவில் எல்லோரும் பார்க்கும் மூல நிரலில் இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டிக் கொடுத்த பொட்டலத்தில் மட்டும் இருந்தது.

இங்கே காமர்ஸ்காரர்களுக்கு சத்யம் ஞாபகம் வர வேண்டும். 2009 ஜனவரியில் வெளிவந்த அந்த மோசடியில் 5,000 கோடி ரூபாய்க்கும் மேல் இல்லாத பணம் வங்கியில் இருப்பதாகக் கணக்கில் இருந்தது. வங்கியிடமிருந்து நேரடியாகச் சான்று பெறும் நடைமுறையை ஆடிட்டர்கள் சரியாகப் பின்பற்றவில்லை என்று 2011ல் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் சொல்லின. சோதிக்கப்படுகிறவர் கையிலிருந்து ஆதாரத்தை வாங்கினால், அது சோதனையே இல்லை. பேக்கேஜ் விஷயத்திலும் அதேதான்.

ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர் டெபியன் அன்ஸ்டேபிளில் வேறு ஏதோ வேகச் சோதனை செய்துகொண்டிருந்தார். எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு சுமார் அரை நொடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்தார். சில வாரம் முன்பு வால்கிரைண்ட் விசித்திரமாக ஒரு எச்சரிக்கை கொடுத்தது ஞாபகம் வந்தது. ஆமாம், 2006ல் வாயடைக்கப்பட்ட அதே வால்கிரைண்ட்! இவர் வாயடைக்கவில்லை. ஏன் என்று தோண்டிக்கொண்டே போனார். 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்கே அறிவித்தார்.

டெபியன் அன்ஸ்டேபிளுக்கும் டெஸ்டிங்குக்கும் அந்தப் பதிப்பு வந்திருந்தது. ஸ்டேபிளுக்கு வரவில்லை. சர்வர்கள் பெரும்பாலும் ஸ்டேபிளில்தான் ஓடும். 2000ல் போட்ட அந்தக் கூடைகளும் காத்திருப்பும் கொடுத்த அவகாசத்தில்தான் ஒரு மனிதர் அரை நொடியைக் கவனிக்க முடிந்தது.

தமிழை யார் சோதிப்பது?

இதையெல்லாம் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். எப்போது சோதிப்பது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது: பொருள் மாறும்போதெல்லாம், கை மாறும்போதெல்லாம். எப்படி என்பதற்கும் கிடைத்துவிட்டது: எழுதி வைத்த கேள்விகளை இயந்திரம் தினமும் கேட்கட்டும், எழுதாத கேள்விகளுக்காக மனிதர்கள் கொஞ்ச காலம் புழங்கிப் பார்க்கட்டும், எச்சரிக்கை வந்தால் அதை மூடாமல் பதில் தேடட்டும். மிச்சம் இருப்பது யார் என்ற கேள்வி.

"கெ" என்று எழுதும்போது முதலில் "க" வருகிறது, பிறகுதான் கொம்பு. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். "கொ" என்றால் ஒரு குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இரு பக்கமும் உட்கார வேண்டும். ஒரு புதுப் பதிப்பில் இது உடைந்தால், எழுத்துருப் பேக்கேஜ் ஒழுங்காக நிறுவப்பட்டது என்றுதான் பியூபார்ட்ஸ் சொல்லும். ஓப்பன் சூசே தரப்பில் உருவான ஓப்பன்க்யூஏ என்ற கருவி திரையையே படம் பிடித்து ஒப்பிடும். நல்ல கருவி. ஆனால் "சரியான திரை இதுதான்" என்று முதலில் ஒரு படத்தைக் காட்டிக் கொடுக்கத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். ஒருமுறை காட்டிவிட்டால் பிறகு இயந்திரம் ஆயிரம் முறை பார்த்துக்கொள்ளும்.

அந்த முதல் முறை நம் வேலை. பெல்ஜியத்திலோ பிரேசிலிலோ இருக்கும் பராமரிப்பாளருக்குத் துணைக்கால் எங்கே வர வேண்டும் என்று தெரியாது, தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் தொடங்கிய சென்னை லினக்ஸ் பயனர் குழு, ஐஐடி வளாகத்தில் மாதாமாதம் கூடியது. அங்கே வந்தவர்கள் பலரும் சம்பளம் வாங்கிக்கொண்டு வரவில்லை. நிறுவிப் பார்த்து, உடைத்துப் பார்த்து, எழுதி அனுப்பியவர்கள்.

இதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. டெபியன் சுமார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உறைநிலைக்குப் போகிறது. பிறகு சில மாதம் கழித்து வெளியீடு. அந்த மாதங்களில் ஒரு பழைய கணினியில் டெஸ்டிங்கைப் போடுங்கள். ஒரு பக்கம் தமிழில் தட்டச்சு செய்யுங்கள், பிரிண்ட் எடுங்கள், கோப்பின் பெயரைத் தமிழில் வையுங்கள், ஒரு சின்ன லெட்ஜர் போட்டுப் பாருங்கள். எங்கே தப்பு, எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது வந்தது என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். உறைநிலையில் சொன்னால் ஒரு வழுவாகப் போகும். வெளியீட்டுக்குப் பிறகு சொன்னால், அதற்குள் அது எத்தனை வீட்டு லேப்டாப்புக்குள் போயிருக்குமோ!

தேர் நிலையை விட்டுக் கிளம்பிய பிறகு சக்கரத்தை மாற்ற முடியாது. வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். வெள்ளோட்டத்துக்கு நாலு பேர் வந்தால் போதும், ஆனால் அந்த நாலு பேர் வந்தே ஆக வேண்டும்.

பி.கு: டெபியன் அந்த எக்ஸ்இசட்டைப் பழைய பதிப்புக்கு மாற்றியபோது வைத்த எண் "5.6.1+ரியலி5.4.5". பார்ப்பதற்கு 5.6.1, ஆனால் உண்மையில் 5.4.5! பதிப்பு எண் பின்னோக்கிப் போனால் அப்டேட் ஏற்காது என்பதால் இந்த ஏற்பாடு. கான்ட்ரா என்ட்ரியை இவ்வளவு வெளிப்படையாகப் போட்டவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை :-)